முகக்கவசத்துக்குள் என் மூச்சு

2020ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியே செல்வோர் அனைவரும் முகக்கவசம் அணிய வேண்டும் என்று சிங்கப்பூரில் விதி வந்தபோதுதான், நாற்பத்தெட்டு வயதுவரை எனக்குத் தெரியாமலிருந்த ஒன்று தெரிந்தது: என் வாய் நாறியது. அத்தியாவசியப் பணி என்பதால் அன்றாடம் எம்ஆர்டி ரயிலில் ஏற வேண்டியிருந்தது. நாலைந்து நிலையங்கள் கடப்பதற்குள் அழுகிய முட்டையின் வாடை முகக்கவசத்துக்குள் நிறைந்துவிடும். மனைவியிடம் கேட்டேன். "பல வருஷமா இருக்குங்க, சொன்னா மனசு சங்கடப்படுவீங்கன்னுதான் சொல்லலை" என்றாள்.

தன் வாடை தன் மூக்குக்குப் பழகிவிடுகிறது. மணிக்கட்டின் உட்புறத்தை நக்கி, காயவிட்டு முகர்ந்து பார்த்தால் ஓரளவு தெரியவரும்.

வயிற்றுக் கோளாறு என்று நினைத்து ஒரு மாதம் சீரகத் தண்ணீர் குடித்தேன், பயனில்லை. பெரும்பாலானோருக்கு நாற்றம் பிறக்குமிடம் வயிறு அன்று, வாய்தான். நாக்கின் பின்பகுதியிலும் ஈறுகளின் இடுக்கிலும் ஆக்சிஜன் இல்லாமலே வாழும் பாக்டீரியாக்கள், உணவுத் துணுக்குகளிலும் உதிர்ந்த செல்களிலும் உள்ள புரதத்தைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு, மெத்தில் மெர்கேப்டன் போன்ற கந்தக வாயுக்களை வெளியிடுகின்றன. இவற்றைக் கழுவிவிடுவது உமிழ்நீர். உறக்கத்தில் அது குறைவதால்தான் விடியற்காலையில் எல்லோர் வாயும் நாறுகிறது. எனக்கோ பகலிலும் வாய் வறண்டே கிடந்தது: நாள் முழுவதும் குளிரூட்டிய அறை, தண்ணீருக்குப் பதில் கோப்பி, மூக்கடைப்பால் வாய்வழி மூச்சு, போதாக்குறைக்கு அந்த மூக்கடைப்புக்கு நான் போட்ட ஒவ்வாமை மாத்திரையும் உமிழ்நீரைக் குறைக்கும் வகை.

பல் மருத்துவர் கடைவாய்ப் பற்கள் இரண்டுக்கும் நடுவே நூலைச் செலுத்தி இழுத்து, இளஞ்சிவப்புக் கறை படிந்த அந்த நூலை என் மூக்கருகே நீட்டினார். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆறு ஆண்டுகளாகச் சுத்தம் செய்யாததால் காரை, அதாவது பல்லில் இறுகிப்போன அழுக்கு, படிந்து ஈறு வீங்கியிருந்தது. காரையை எத்தனை முறை துலக்கினாலும் பல்துலக்கியால் எடுக்க முடியாது.

காரை எடுத்தபின், இரவில் பல்லிடுக்கில் நூல் விடுகிறேன். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கிய எவர்சில்வர் கம்பியால், குமட்டும் எல்லைவரை உள்ளே சென்று நாக்கை வழிக்கிறேன். புதினா மிட்டாயை நிறுத்திவிட்டேன். அது வாடையை மறைக்குமே தவிர நீக்காது, அதிலுள்ள சர்க்கரையோ பற்களைக் கெடுக்கும். சர்க்கரையற்ற சூயிங் கம் உமிழ்நீரைச் சுரக்கச் செய்யும் என்றாலும், 1992இல் தடைசெய்யப்பட்ட கம், 2004 முதல் மருத்துவப் பயனுள்ள வகையாக மட்டுமே மருந்தாளர், பல் மருத்துவர் வழியாக இங்கே கிடைக்கிறது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. மேசையில் ஒரு தண்ணீர்ப் போத்தல் போதுமானதாக இருந்தது.

இவ்வளவு செய்தும் தீராவிட்டால் டான்சில் கற்கள், சைனஸ் தொற்று, கட்டுக்கடங்காத நீரிழிவு, சிறுநீரக, கல்லீரல் நோய்கள் ஆகியவற்றையும் மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கும். விரத நாள்களில் வரும் வாடை வேறு. உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன்கள் மூச்சில் வெளியேறுவதால் வருவது அது.

மூன்று மாதம் கழித்து மனைவியிடம் மீண்டும் கேட்டேன். "இப்போ பூண்டு வாடை மட்டுந்தான்" என்றாள். பூண்டின் கந்தகச் சேர்மம் இரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக வெளிவருவதால், எந்த நூலும் கம்பியும் அதைத் தொடாது என்று விளக்கினேன். முந்தைய நாள் பூண்டுக் குழம்பு வைத்தவளும் அவள்தான்.