மேடான் உறவுகளுக்காக: ஜூன், ஜூலை குறிப்புகள்

ஜூன் 8, 2025, ஞாயிறு

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் அக்கா வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. இந்தோனேசியாவின் சுமத்ராவில் இருக்கும் மேடானுக்கு, அங்குள்ள ஏழைத் தமிழர்களுக்கு உதவப் போகிறோம் என்று சொன்னதுதான் தாமதம், பிறையிலிருந்தும் நிபோங் திபாலிலிருந்தும் துணி மூட்டைகள் வந்து குவிந்துவிட்டன. கொடுத்தவர்களுக்கு நல்ல மனசு. ஆனால் பழைய துணி இறக்குமதிக்கு இந்தோனேசியா 2015-லேயே தடை போட்டுவிட்டது. மூட்டையாகக் கொண்டுபோக வழியே இல்லை. நல்லதாகப் பொறுக்கி இங்கேயே ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்றார் அக்கா. சரிதான். இனி பணமாகத்தான் கேட்க வேண்டும்.

“நம்ம ஊர்ல ஏழைங்க இல்லையா?” என்று ஓர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. மேடானைச் சுற்றியிருந்த டெலி புகையிலைத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் போனது இந்தப் பினாங்குத் துறைமுகம் வழியாகத்தானே என்றேன். இங்கே இறங்கியவர்களில் சிலர் நாம் இருக்கும் இந்தக் கரையிலேயே கரும்புத் தோட்டத்துக்குப் போனார்கள், சிலர் சுமத்ராவுக்குப் போனார்கள். அங்கே ரோடு போட்டவர்களும் மாட்டுவண்டி ஓட்டியவர்களும் நம் ஆட்கள். எல்லை என்று ஒரு கோடு நடுவில் விழுந்ததால் உறவு விட்டுப்போகுமா? அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது ஐம்பது வெள்ளியை (ரிங்கிட்) அக்கா கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜூன் 15, ஞாயிறு

மேடானில் நமக்கு உதவும் தம்பியுடன் நெடுநேரம் பேசினோம். அரிசி, எண்ணெய் வாங்கித் தரலாமா என்று கேட்டோம். “அது பத்து நாள்ல தீர்ந்துடும் அண்ணே, பி.பி.ஜே.எஸ். பாக்கியைக் கட்டிக் குடுங்க” என்றார்.

அது அரசு மருத்துவக் காப்பீடு, 2014-இல் வந்தது. மூன்றாம் வகுப்புக்கு ஆளுக்கு மாதம் 35,000 ரூப்பியா, நம் காசுக்கு ஏறக்குறைய ஒன்பது வெள்ளி. குடும்ப அட்டையில் உள்ள அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் கட்ட முடியும். கட்டாமல் விட்டால் குடும்பம் மொத்தத்துக்கும் காப்பீட்டு அட்டை செல்லாது. பாக்கி எவ்வளவு காலம் ஏறியிருந்தாலும் அதிகபட்சம் 24 மாதத்துக்குத்தான் வாங்குவார்கள். ஐந்து பேர் என்றால் 42 லட்சம் ரூப்பியா! கூலி வேலை செய்பவர் அதை ஒரே தடவையில் எங்கே புரட்டுவார்? சிலருக்கு அரசே கட்டுகிறது. ஆனால் அந்தப் பட்டியலில் பெயர் ஏறாத குடும்பங்கள் நம்மவர்களில் உண்டு.

ஜூன் 27, வெள்ளி

மேடானில் மாரியம்மன் கோயில் பக்கத்தில் தங்கியிருக்கிறோம். 1884-இல் கட்டிய கோயில். பினாங்கிலிருந்து பறந்தது ஒரு மணி நேரம்கூட இல்லை.

ஜூன் 28, சனி

மேடானுக்குப் பக்கத்து ஊரான பிஞ்சாய் போகும் வழியில் ஒரு வீடு. தகரக் கூரை, ஒற்றை அறை. பாட்டி நல்ல தமிழ் பேசினார். பேரப்பிள்ளைகளுக்கு இந்தோனேசிய மொழிதான். மகனுக்குச் சர்க்கரை நோய். இடது காலில் கட்டைவிரலை ஒட்டி ஆறாத புண். பழைய சட்டையைக் கிழித்துக் கட்டியிருந்தார்கள், விளிம்பில் மஞ்சள் கறை. அட்டை செல்லாது என்பதால் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லையாம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

முனையில் இருந்த இந்தோமாரெட் கடையிலேயே பாக்கி முழுவதையும் கட்டினோம். கல்லாவில் இருந்த பெண் எண்ணைத் தட்டியதும் ஐந்து பேரும் கணக்கில் வந்தார்கள். பாட்டி ரசீதை வாங்கி, மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

தம்பி ஒன்றை விளக்கினார். அட்டை செல்லுபடியானபின் 45 நாளுக்குள் ஆஸ்பத்திரியில் படுத்தால் அபராதம் உண்டு. வெளிநோயாளியாகப் போனால் இல்லை. அதனால் திங்கட்கிழமையே கிளினிக்கில் புண்ணைக் காட்டச் சொல்லிவிட்டு வந்தோம். படுக்க நேர்ந்தால் அபராதத்தையும் நாமே கட்டுவது என்று முடிவு.

மாலையில் பிள்ளைகளுக்குச் சீருடை வாங்கினோம். சிவப்பும் வெள்ளையும் தொடக்கப்பள்ளிக்கு, நீலமும் வெள்ளையும் அடுத்த பள்ளிக்கு. ஜூலை நடுவில் பள்ளி திறக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

அக்கா வீட்டில் கணக்கு பார்த்தோம். தம்பி போன் செய்தார்: கிளினிக்கில் புண்ணைச் சுத்தம் செய்து, ஆஸ்பத்திரிக்குக் கடிதமும் கொடுத்திருக்கிறார்கள். பாக்கியைக் கட்டியது பாதி வேலைதான். அடுத்த மாதம் தவறினால் அட்டை மறுபடி நின்றுவிடும். அதனால் இந்தக் குடும்பத்துக்கு ஓராண்டு சந்தாவை நாங்கள் பங்கு போட்டுக்கொண்டோம். முதல் பங்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டவர், ஏழைகள் இங்கே இல்லையா என்று கேட்ட அதே அண்ணன். தம்பி அனுப்பிய பட்டியலில் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. சேர விரும்புகிறவர்கள் ஞாயிறு காலை பசியாறிவிட்டு அக்கா வீட்டுக்கு வாருங்கள், துணி வேண்டாம்.