இடது பக்கம் மட்டும் ஊமை

ரெண்டு நாளாக ஸ்டீரியோவில் இடது ஸ்பீக்கர் பேசவில்லை. ஸ்பீக்கர் போச்சு என்று முடிவே கட்டிவிட்டேன். அப்புறம் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, அதன் பின்னால் இடது வலது ஸ்பீக்கர் ஒயர்களை இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இப்போது வலது ஊமை, இடது பாடுகிறது! ஸ்பீக்கர் நிரபராதி.

சரி, ஒயர்களைப் பழையபடி மாட்டிவிட்டு, பிளேயரிலிருந்து வரும் சிவப்பு, வெள்ளை பின்களை ஆம்ப்ளிஃபையர் பக்கம் மாற்றிச் செருகினேன். மௌனம் மறுபடி பக்கம் மாறியது. ஆம்ப்ளிஃபையரும் தப்பித்தது. மிச்சம் பிளேயரும் கேபிளும்தான். வெள்ளை பின்னை லேசாக அசைத்தால் 'கர்கர்' என்று சத்தம் வந்து போகிறது. பின்னை ஒட்டி உள்ளே ஒயர் அறுந்திருக்கிறது. புது கேபிள் போட்டதும் சரியாகிவிட்டது.

இந்தக் கூத்தில் இன்னொன்று மாட்டியது. வலது ஸ்பீக்கரின் பின்னால் சிவப்பு, கறுப்பு ஒயர்களைத் தலைகீழாக மாட்டி வைத்திருக்கிறேன் (நானேதான், வேறு யார்!). ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்தால் பேஸ் (தாழ்ந்த, கனமான ஒலி) ஒன்றையொன்று தின்றுவிடும். மாசக்கணக்கில் பேஸ் இல்லை என்று ஸ்பீக்கரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வால்யூம் குமிழைத் திருப்பினால் வரும் கரகரப்பு மட்டும் பாக்கி. தூசிதான், கான்டாக்ட் கிளீனர் அடிக்கணும்.