ஒரு காலிக் கட்டம், ஒரு வருடம்: ஆம்புலன்ஸ் சேவைக்குக் கவர்னர் ஆன அனுபவம்

இங்கிலாந்து ஆம்புலன்ஸ் சேவை ஒன்றின் கவர்னர் தேர்தலில் முதல் தடவை என் வேட்புமனு தள்ளுபடி ஆனதற்குக் காரணம் ஒரு காலிக் கட்டம். டிரஸ்டோடு, அதாவது சேவையை நடத்தும் அரசு மருத்துவ அமைப்போடு, பண விஷயமாக ஏதாவது தொடர்பு உண்டா, அரசியல் கட்சி எதிலாவது உறுப்பினரா என்று கேட்டிருந்த இடம் அது. எனக்கு இரண்டும் இல்லை. இல்லாததைப் பற்றி என்ன எழுதுவது என்று அப்படியே விட்டுவிட்டேன். ஆனால் விதிப்படி, இல்லை என்றால் இல்லை என்று எழுதியே ஆக வேண்டும். எழுதாத மனு செல்லாது. கடைசி நாள் மாலை அனுப்பினேன், மறுநாள் காலை பதில் வந்துவிட்டது. திருத்திக் கொடுக்க வழியே இல்லை. எங்கள் தொகுதியில் அடுத்த இடம் காலியாக ஒரு வருடம் ஆனது.

அந்த ஒரு வருடம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் போட்டியிட நினைத்ததே அம்மாவால்தான்.

அம்மா ஊரிலிருந்து வந்து தென் இங்கிலாந்தில் எங்களோடு தங்கியிருந்தார். ஒரு ஞாயிறு காலை காபி குடித்துக்கொண்டிருந்தபோது வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. டம்ளர் கையிலிருந்து நழுவியது. உடனே இங்கத்து அவசர எண்ணான 999ஐ அழைத்தேன். பக்கவாதம் என்ற சந்தேகம் இங்கே இரண்டாம் வகை அழைப்பு. சராசரி 18 நிமிடத்தில் வண்டி வர வேண்டும் என்பது இங்கிலாந்து முழுவதற்கும் வைத்திருக்கும் அளவு. எங்களுக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. வந்த இருவரும் தங்கமானவர்கள். "ஆஸ்பத்திரி வாசலில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு நேராக இங்கே வருகிறோம்" என்றார் அந்தப் பெண். அம்மா பிழைத்தார். இடது கை மட்டும் இன்னும் முழுதாக வரவில்லை.

புகார் எழுதினேன், வருத்தம் தெரிவித்துக் கடிதம் வந்தது. அதற்கு மேல் இதை யார் கேட்பார்கள் என்று தேடியபோதுதான், பொதுமக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பும் கவர்னர்கள் என்று சிலர் இருப்பது தெரிந்தது. ஊரில் கவர்னர் என்றால் நினைவுக்கு வருவது வேறு. இது சம்பளம் இல்லாத வேலை, பயணச் செலவு மட்டும் தருவார்கள். ஃபவுண்டேஷன் டிரஸ்டாக, அதாவது உறுப்பினர்களும் கவர்னர் குழுவும் உள்ள டிரஸ்டாக, இருக்கும் ஆம்புலன்ஸ் சேவைகளில்தான் இந்தத் தேர்தல் உண்டு. லண்டன் ஆம்புலன்ஸ் சேவை அப்படிப்பட்டதல்ல. என்னிடம் விசாரித்த லண்டன் நண்பர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, இரண்டாவது முயற்சி. போட்டியிட நீங்கள் அந்தத் தொகுதியில் டிரஸ்டின் உறுப்பினராகப் பதிந்திருக்க வேண்டும். நான் முன்பு வேறு கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) இருந்தபோது பதிந்தவன். வீடு மாறியதும் முகவரி மாற்றச் சொல்லி எழுதியிருந்தேன். உறுப்பினர் அலுவலகத்துக்கு இரண்டு தடவை போன் செய்தேன். இரண்டு தடவையும் ஒரே ஆள்: "எல்லாம் சரியாக இருக்கிறது." மனம் கேட்காமல் மூன்றாவது தடவை கூப்பிட்டபோது வேறொருவர் எடுத்தார். திரையைத் திறந்து என் அஞ்சல் குறியீட்டை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். பழைய வீடு, பழைய தொகுதி. முதல் ஆள் திறந்தே பார்க்கவில்லை! அன்றைக்கே மாற்றித் தந்தார்கள். ஆகவே வாயால் சொன்னதை நம்பாதீர்கள், எந்தத் தொகுதியில் பதிந்திருக்கிறது என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நாள் கணக்கும் முக்கியம். ஓட்டுப்பதிவு முடியும் நாளுக்கு 40 நாள் முன்னதாகவாவது தேர்தல் அறிவிப்பு வர வேண்டும். மனுவுக்குக் கடைசி நாள், ஓட்டுப்பதிவு முடியும் நாளுக்கு 28 நாள் முன்பு. இந்தக் கணக்கில் சனி, ஞாயிறு, பொது விடுமுறை சேராது. அறிவிப்பைக் கடைசி நாளில் போட்டால் உங்கள் கையில் இருப்பது வெறும் 12 வேலை நாள். அதற்குள் படம், வேட்பாளர் அறிக்கை, கையெழுத்து எல்லாம். அறிக்கையில் படிப்பு, வேலை என்று அடுக்காதீர்கள். ஏன் நிற்கிறீர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். நான் அந்த ஒரு மணி ஐம்பது நிமிடத்தில்தான் தொடங்கினேன்.

ஓட்டு கேட்கப் போனது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு. எல்லாரும் "கட்டாயம் போடுறோம்" என்றார்கள். அப்புறம்தான் தெரிந்தது, அவர்களில் பாதிப் பேர் உறுப்பினரே இல்லை. உறுப்பினர் ஆகக் கட்டணம் கிடையாது, சில நிமிட வேலைதான். ஆனால் அதற்குள் வாக்காளர் பட்டியல் மூடியாகிவிட்டது. நிற்கப் போகிறீர்கள் என்றால் ஆறு மாதம் முன்பே ஆட்களைச் சேருங்கள். இன்னொன்று: எங்கள் டிரஸ்டில் விருப்ப வரிசைப்படி 1, 2, 3 என்று எண் போட வேண்டும். யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், "தம்பி, உங்கட பேருக்கு நேர வடிவா சரி அடையாளம் போட்டு அனுப்பிட்டன்" என்றார். 1 என்ற எண் இல்லாவிட்டால் அந்தச் சீட்டை ஏற்பதா தள்ளுவதா என்பது தேர்தல் அதிகாரி கையில். அவரிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நிரப்ப வேண்டிய இடங்களில் கடைசி இடம் எனக்குக் கிடைத்தது, ஜெயித்துவிட்டேன். பின்னணிச் சரிபார்ப்பு, பயிற்சி நாள் எல்லாம் சுமுகமாக முடிந்தன.

முதல் கூட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டித் தலைமையகம் போனால் அறை பூட்டிக் கிடக்கிறது. கூட்டத்தை வீடியோவுக்கு மாற்றியிருந்தார்கள். அந்தத் தகவல் போனது கவர்னர்களுக்கென்று திறந்த மின்னஞ்சலுக்கு. அதன் கடவுச்சொல்லை எனக்கு இன்னும் தந்திருக்கவில்லை. கார் நிறுத்துமிடத்தில் போனிலேயே கலந்துகொண்டேன்.

அடுத்த கூட்டத்தில் அம்மாவின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். தனிப்பட்ட சம்பவங்கள் இங்கே வேண்டாம் என்று தலைவர் நிறுத்திவிட்டார். முகத்தில் அடித்தது போல இருந்தது. தேநீர் இடைவேளையில், ஆறு வருடமாகக் கவர்னராக இருக்கும் ஒரு பெரியவர் என்னைத் தனியே அழைத்தார். "வண்டி ஏன் தாமதம் என்று அதிகாரிகளிடம் கேட்டால் நூறு காரணம் சொல்வார்கள். நம் வேலை நிர்வாகப் பொறுப்பில் இல்லாத இயக்குநர்களைக் கேட்பது. நிர்வாகம் சொல்வதை எதை வைத்து நம்பினீர்கள் என்று அவர்களிடம் கேளுங்கள்." சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2012 சுகாதார, சமூகப் பராமரிப்புச் சட்டத்தின்படி அந்த இயக்குநர்களைப் பொறுப்பேற்க வைப்பது கவர்னர்களின் கடமை. அவர்களையும் தலைவரையும் நியமிப்பதும் நீக்குவதும் கவர்னர் குழுதான். இதை யாராவது எனக்கு முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

பார்வையாளராக ஒரு ஷிஃப்ட் வண்டியில் போக அனுமதி உண்டு. தவறாமல் கேட்டு வாங்குங்கள். நான் போன அன்று ஒரு பாட்டியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். 15 நிமிடத்தில் உள்ளே ஒப்படைக்க வேண்டும். நின்றது இரண்டு மணி இருபது நிமிடம். எங்களுக்கு முன்னால் ஏழு வண்டிகள். கூரை விளக்கு கண்ணில் குத்துகிறது என்று பாட்டி முனகினார். பாராமெடிக் ஒரு துண்டை மடித்து அவர் நெற்றிமேல் மறைப்பாகப் பிடித்தார், கை வலிக்க வலிக்க மாற்றி மாற்றி. அந்த நேரம் முழுக்க வண்டியின் வானொலியில், அனுப்ப வண்டி இல்லாமல் காத்திருக்கும் அழைப்புகளை வாசித்துக்கொண்டே இருந்தார்கள். எங்கள் வீட்டில் நாங்கள் காத்திருந்தது இப்படி ஒரு வரிசையின் மறுமுனையில்தான்.

மூன்றாவது கூட்டத்தில் என் கேள்வி தயாராக இருந்தது. அன்று நான் வீட்டில் இருந்தேன், பேசினேன். ஆங்கிலம் தெரியாத அம்மா தனியாக இருந்திருந்தால்? 999இல் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் இணைக்கும் வசதி உண்டு. இணைக்க எவ்வளவு நேரம் ஆகிறது, அது சரியாக நடக்கிறது என்று எப்படி உறுதி செய்துகொண்டீர்கள் என்று அந்த இயக்குநர்களைக் கேட்டேன். ஒருவரிடமும் பதில் இல்லை. அந்த நேரத்தைத் தனியாக அளப்பதே இல்லையாம். இனி அளந்து அறிக்கை தர வேண்டும் என்று கூட்டக் குறிப்பில் ஏறியது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

நிற்க நினைப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. 2025 ஜூலையில் அரசு வெளியிட்ட 10 ஆண்டுச் சுகாதாரத் திட்டம், கவர்னர் குழு இருந்தே ஆக வேண்டும் என்ற விதியை எடுத்துவிடப் போவதாகச் சொல்கிறது. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. ஆகவே உங்கள் பகுதி டிரஸ்டில் அடுத்த தேர்தல் உண்டா என்று முதலில் கேளுங்கள். உண்டு என்றால் மனுவில் ஒரு கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். எங்கள் அடுத்த கூட்டத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அந்த அறிக்கை நிகழ்ச்சி நிரலில் இருக்கிறதா என்று நேற்றே கேட்டு எழுதிவிட்டேன்.