பல்லுக்கு முன்னால் எலும்பு

எனக்குப் பிறவியிலேயே உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும். சின்னக் குழந்தையாக இருந்தபோதே தைத்துவிட்டார்கள். ஆனால் பிளவு மேல்தாடை எலும்பிலும் ஓடியிருந்ததால், வேட்டைப்பல்லுக்குப் பக்கத்தில் வரவேண்டிய முன்பல் முளைக்கவேயில்லை. பள்ளிக்கூடக் காலம் முழுக்கக் கழற்றி மாட்டும் கட்டுப்பல்தான். ரொட்டியைக் கடித்தால் அதுவும் கூடவே வரும்.

தாடை எலும்பில் டைட்டானியம் ஆணி பதித்து அதன்மேல் பல் பொருத்தும் இம்ப்ளான்ட் வைக்கலாம் என்று கேள்விப்பட்டு ஹட்டனிலிருந்து கண்டிப் பக்கம் இருக்கும் பேராதனை பல் வைத்தியசாலைக்குப் போனோம். ஸ்கேனைப் பார்த்த டொக்டர், "பல்லு கடைசி வேலை தம்பி, முதல்ல ஆணி நிக்க எலும்பு வேணும்" என்றார். வேட்டைப்பல் முளைக்கும் முன், 8 முதல் 11 வயதுக்குள் அந்த இடத்தில் எலும்பு வைப்பதுதான் நல்லதாம். அந்த வயதில் எங்கள் வீட்டில் நாள் சம்பளத்தை விட்டுவிட்டுக் கண்டிக்கு அலைய ஆளில்லை.

வளர்ச்சி முடியும்வரை காத்திருக்கவும் சொன்னார்கள். தாடை வளரும்போது சொந்தப் பற்கள் கூடவே இறங்கும். எலும்போடு ஒட்டிய டைட்டானியம் ஆணி நகராது, பல் மேலேயே நின்றுவிடும். அதற்குள் கம்பி போட்டு இடைவெளியை ஒழுங்காக்கினார்கள்.

அப்புறம் இடுப்பிலிருந்து எலும்பு எடுத்துத் தாடையில் வைத்தார்கள். வாய் வலியைவிட இடுப்பு வலிதான் படுத்தியது. எங்கள் தோட்ட லயத்து வீட்டுக்கு ஏறும் படிகளில் மூச்சு வாங்க நின்று நின்று போனேன். சில மாதத்தில் ஆணி. ரொம்பத் தள்ளிப்போட்டால் வைத்த எலும்பு கரைந்துவிடும் என்பதால் அந்த கிளினிக்கை மட்டும் எந்த மழைக்கும் விடவில்லை. எலும்பு ஆணியைப் பிடிக்க மறுபடி சில மாதம். அதற்குப் பிறகுதான் மேலே பல்.

ஒரு சுவாரசியம்: 1965இல் சுவீடனில் பிரனெமார்க் என்ற மருத்துவர் முதன்முதலாக இப்படி ஆணி வைத்தது யோஸ்டா லார்சன் என்பவருக்கு. அவரும் அண்ணப் பிளவோடு பிறந்தவர்தான்.

என் புதுப் பல் பக்கத்துப் பல்லைவிடக் கொஞ்சம் நீளம். தழும்புள்ள இடத்தில் முரசு (ஈறு) குறைவு, அதனால் மேல்விளிம்பில் ரோஸ் நிறப் பீங்கான் சேர்த்திருக்கிறார்கள். சிரித்தால் எனக்கு மட்டும் தெரியும். இன்னொரு சத்திரசிகிச்சையில் முரசையும் சரிசெய்யலாம் என்றார்கள், நான் வேண்டாம் என்றுவிட்டேன். இந்தப் பல்லுக்குச் சூத்தை வராது. ஆனால் சுற்றி அழுக்கு தங்கினால் முரசு வீங்கி எலும்பையே தின்னும். அதனால் சின்னப் பிரஷ் ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன்.