கொக்குவிலில் படித்த ஜேர்மன்

கலியாணம் முடிந்து மாப்பிள்ளை ஜேர்மனிக்குத் திரும்பிப் போக, பொம்பிளை இங்கே இருந்து மொழி படிப்பது யாழ்ப்பாணத்தில் இப்போது யாருக்கும் புதினமில்லை. 2007 ஆகஸ்டில் இருந்து இருக்கும் சட்டம் இது. துணையிடம் போய்ச் சேர விசா கேட்பவர், விமானம் ஏறுவதற்கு முன்பே அடிப்படை ஜேர்மன் தெரியும் என்று காட்ட வேண்டும். அதற்குத்தான் ஏ1 சோதனை. துணைவர் ஜேர்மன் குடியுரிமை இல்லாமல் வேறோர் ஐரோப்பிய ஒன்றிய நாட்டின் குடியுரிமை வைத்திருந்தால் இது தேவைப்படாது. ஆகவே அதை விசாரித்துவிட்டு வகுப்புக்குக் காசு கட்டுங்கள்.

நான் முதலில் சேர்ந்தது டவுனில் ஒரு ரியூட்டரியில். ஆங்கில வகுப்பு முடிந்த கையோடு அதே மண்டபத்தில் ஜேர்மன் தொடங்கும். குறிப்புகள் முழுக்க ஆங்கிலம். ஜேர்மன் வசனம் ஒன்று, கீழே அதன் ஆங்கிலம், அதற்குக் கீழே நாங்களாகப் பென்சிலால் எழுதிக்கொண்ட தமிழ். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் உயர்தரம்வரை தமிழிலேயே படித்தவர்கள். ஆங்கில வசனம் விளங்காமல் ஜேர்மனை விட்டவர்களை அங்கே கண்டேன். பிறகு கொக்குவிலில் தன் வீட்டு விறாந்தையில் வைத்துப் படிப்பிக்கும் ஓர் அக்காவிடம் மாறினேன். பல வருடம் ஜேர்மனியில் இருந்துவிட்டுத் திரும்பியவர். சேர்ந்த அன்றைக்கே சொன்னார்: "இங்கிலிசைச் செருப்போட வாசல்ல கழட்டி வச்சிட்டு வாங்கோ பிள்ளை."

அவர் சொன்னதன் அர்த்தம் எழுத்துக்களைப் படிக்கும்போதே விளங்கிவிட்டது. வாய்ச் சோதனையில் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் 'ஏ' என்று வாசிக்கும் எழுத்து ஜேர்மனில் 'ஆ'. ஆங்கில 'ஈ' அங்கே 'ஏ'. ஆங்கில 'ஐ' அங்கே 'ஈ'. ஆங்கிலத்தின் வழியாக வந்தவர்கள் இந்த மூன்றிலும் மாறிமாறி விழுவார்கள். தமிழ் வழியாக வந்தால் ஆ, ஏ, ஈ, ஓ, ஊ என்ற எங்கள் நெடில்கள்தான் அந்த உயிரெழுத்துக்களின் பெயர்கள். கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் நீட்டுக்குக் கிடக்கும் எங்களுக்கு இது சின்ன விசயமில்லை.

வசன அமைப்பும் அப்படித்தான். 'நான் இன்றைக்கு வேலை செய்ய வேண்டும்' என்பதில் 'வேண்டும்' என்ற பங்கு மட்டும் ஜேர்மனில் இரண்டாம் இடத்துக்கு ஓடிவரும். 'வேலை செய்ய' தமிழில் போலவே பின்னால் நிற்கும். ஆங்கிலப் பழக்கத்தில் இருப்பவர் வினையை நடுவில் கொண்டுவந்து வைத்துவிடுவார். நீ, நீங்கள் என்ற வித்தியாசத்தையும் யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளையைக்கூட 'நீங்கள்' என்று கூப்பிட்டுப் பழகிய எனக்கு, நண்பர்களுக்கு எழுதும் கடிதத்தில் 'நீ' போடத்தான் கை வரவில்லை.

தமிழ் உதவாத இடமும் உண்டு. மேசை ஆண்பால், கதவு பெண்பால், பெண்பிள்ளை மட்டும் அஃறிணை மாதிரி ஒரு பால்! இதற்குக் குறுக்குவழி இல்லை. கொப்பியில் நீலம், சிவப்பு, பச்சை என்று மூன்று நிறத்தில் எழுதிப் பாடமாக்கினேன். ஆனால் இதில் உயிரை விடாதீர்கள். ஏ1 மட்டத்தில் கேட்டதைச் செய்தீர்களா, சொன்னது விளங்குகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

என்னை வதைத்தது எண்கள். இருபத்தொன்றை 'ஒன்றும் இருபதும்' என்ற ஒழுங்கில் சொல்வார்கள். கேட்டு எழுதும்போது கை முதலில் ஒன்றைப் போட்டுவிடும். நேரம் அதைவிட மோசம்: 'ஹல்ப் ஆஹ்ட்' என்றால் எட்டரை இல்லை, ஏழரை. எட்டுக்குப் போகும் வழியில் அரை என்று கணக்கு. அக்கா சொல்லித் தந்தபடி, தம்பியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போகும்போது கடைப் பலகைகளில் உள்ள தொலைபேசி இலக்கங்களை ஜேர்மனில் வாசித்துக்கொண்டே போவேன். 021இல் தொடங்கும் இலக்கம் ஒவ்வொன்றும் ஒரு பயிற்சி. தம்பிக்கு வெட்கம்.

ஜேர்மனியில் இருக்கும் என் கணவரோடு வட்ஸ்அப்பில் ஜேர்மனில் கதைத்துப் பழகலாம் என்று நினைத்தேன். இவர் உணவகச் சமையலறையில் வேலை. கதைக்கும் ஜேர்மன் படுவேகம், ஆனால் பால் ஒன்றும் கிடையாது, வேற்றுமை ஒன்றும் கிடையாது. அக்கா கேட்டுச் சிரித்துவிட்டு, "சோதனை முடியுமட்டும் அவரோட தமிழிலயே கதையுங்கோ" என்றார்.

சோதனை கொழும்பில், கறுவாத்தோட்டம் கிறகரிஸ் வீதியில் உள்ள கோதே நிறுவகம் என்ற ஜேர்மன் மொழி, கலாசார நிலையத்தில். இரவு பஸ் எடுத்து விடிய வெள்ளவத்தையில் இறங்கி, சொந்தக்காரர் வீட்டில் குளித்துவிட்டுப் போனேன். முடிந்தால் முதல்நாளே போய் நித்திரை கொள்ளுங்கள். கேட்டல் பகுதிக்குத் தெளிந்த தலை வேண்டும். அதில் நடுப்பகுதியில் வரும் அறிவித்தல்களை (புகையிரத நிலையம், கடை மாதிரி இடங்களில் ஒலிப்பவை) ஒரே தடவைதான் போடுவார்கள். மற்றவை இரண்டு தடவை. வாசிப்பு லேசு. எழுத்தில் ஒரு படிவத்தில் ஐந்து இடைவெளி நிரப்ப வேண்டும், பிறகு மூன்று விசயத்தைத் தொட்டு ஏறத்தாழ 30 சொல்லில் ஒரு சின்னக் கடிதம். மூன்றில் ஒன்றை விட்டால் அதற்குரிய புள்ளி போய்விடும். நாலு பகுதிக்கும் சேர்த்து 100 புள்ளி, 60 எடுத்தால் பாஸ். ஒன்றில் குறைந்தால் இன்னொன்றில் ஈடுகட்டலாம்.

வாய்ச் சோதனைக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் குருநாகலில் இருந்து வந்த சிங்கள அக்கா ஒருவர். என் சிங்களம் பஸ் டிக்கெட் எடுக்கும் அளவு, அவருடைய தமிழ் அதுவும் இல்லை. எங்கிருந்து வருகிறீர்கள், கணவர் என்ன வேலை என்று இருவரும் ஜேர்மனிலேயே கேட்டுக்கொண்டோம். உள்ளே போனால் அவரே என் இணை. மேசையில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். எனக்கு வந்த அட்டையில் தலைப்பு 'சாப்பாடு', சொல் 'ஞாயிற்றுக்கிழமை'. அந்தச் சொல்லை வைத்து அவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "ஞாயிற்றுக்கிழமையில் என்ன சாப்பிடுவீர்கள்?" என்றேன். "சோறும் மீனும்" என்றார். அவ்வளவுதான். அடுத்தது படம் போட்ட அட்டை: படத்தில் உள்ளதை மரியாதையாகக் கேட்க வேண்டும், மற்றவர் பதில் சொல்ல வேண்டும். 'தயவுசெய்து' என்பதற்கான 'பிற்றே' என்ற சொல்லை மறக்காதீர்கள்.

பாஸாகிவிட்டேன். சான்றிதழ் கையில் வந்த பிறகுதான் கடதாசி அலுவல். பிறப்புப் பதிவையும் விவாகப் பதிவையும் தமிழில் இருந்து ஆங்கிலத்துக்கு மாற்றித் தரும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்கள் யாழ்ப்பாணத்தில் தாராளம். நேரே ஜேர்மனுக்குச் செய்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இறுதிப் பிரதியில் முத்திரை குத்த முன்னர் கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்து எல்லோருடைய பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பிறப்புப் பதிவில் பாட்டனாரின் பெயர், பிறந்த ஆண்டு, இடம் எல்லாம் வரும். அந்தக் கட்டத்தையும் விடாதீர்கள்.

விசா வரும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று அடுத்த மட்டமான ஏ2 தொடங்கியிருக்கிறேன். அங்கே போனாலும் ஒருங்கிணைப்பு வகுப்பு என்று 600 பாடவேளை மொழிப் படிப்பு இருக்கிறது. தெரிந்த அளவைப் பார்த்து இடையில் இருந்தும் சேர்ப்பார்களாம். கொக்குவில் அக்காவிடம் பிள்ளைகள் கூடிவிட்டதால் வகுப்பு இப்போது விறாந்தையில் இருந்து முற்றத்துக்கு வந்துவிட்டது. சனி, ஞாயிறில் இடமில்லை, கிழமை நாட்களில் கேட்டுப் பாருங்கள்.