ஏலக்கூடச் சுவரில் இரண்டு தாள்கள்

2024 நவம்பர் 20ஆம் தேதி மழையை எங்கள் கரையில் யாரும் மறக்க மாட்டார்கள். ராமேஸ்வரத்தில் மட்டும் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பதிவானது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். அது வடிந்து சுவரின் ஈரம் காய்வதற்குள் மீன் ஏலக்கூடத்துச் சுவரில் நகராட்சி நோட்டீஸ் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது.

அதை முதலில் பார்த்தது கருவாடு விற்கும் அக்கா. அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். ‘ஏழு தினங்களுக்குள்’, ‘நடவடிக்கை’, ‘அபராதம்’ என்ற மூன்று சொற்கள் மட்டும் அவர் கண்ணில் பட்டிருக்கின்றன. அரை மணி நேரத்தில் தெரு முழுக்க ஒரே பேச்சு. “தம்பி, வீட்டைக் காலி பண்ணச் சொல்றாகளாமே?” என்று என் வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு எந்த நோட்டீஸும் முதலில் அப்படித்தான் காதில் விழும்.

நான் போய் முழுவதையும் சத்தமாகப் படித்தேன். விஷயம் கொசுப்புழு. தண்ணீர் பிடித்து வைத்திருக்கும் டிரம், தொட்டி, குடம் எல்லாவற்றையும் மூடி வைக்க வேண்டும், ஏழு நாள் கழித்துப் பார்க்க வருவோம், புழு இருந்தால் அபராதம். அவ்வளவுதான். வீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. கூட்டம் பெருமூச்சு விட்டது. ஆனால் ஒரு அண்ணன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: “அஞ்சு நாளைக்கு ஒருக்கா லாரித் தண்ணி வருது. டிரம்ல பிடிக்காம எதுல பிடிக்கிறது? மூடி வாங்கக் காசு எங்க இருக்கு?”

காசு இல்லை என்பது வெறும் பேச்சு இல்லை. மற்ற ஊர்களில் குளிர்காலம் என்றால் போர்வை. எங்களுக்கு அது வாடைக்காற்று. வாடை பிடித்துவிட்டால் வடகடல் கொந்தளிக்கும். வானிலை எச்சரிக்கை வந்தால் மீன்வளத்துறை கடலுக்குப் போகும் அனுமதி டோக்கன் கொடுக்காது, விசைப்படகு நகராது. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்றால் வல்லம், வத்தை போன்ற சிறு படகு எதுவும் இறங்காது. கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கும் வேலை இல்லை. சித்திரை, வைகாசியில் 61 நாள் தடைக்காலம் வருவது முன்கூட்டியே தெரியும், ஏதோ சேர்த்து வைப்பார்கள். கார்த்திகை, மார்கழி அப்படி இல்லை. எத்தனை நாள் சும்மா இருக்கப் போகிறோம் என்று யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலை நானும் இரண்டு பேரும் நகராட்சி அலுவலகம் போனோம். சுகாதார ஆய்வாளரிடம் நேராகவே கேட்டோம்: “சார், என்ன செய்தால் நீங்கள் சரி என்பீர்கள்?” அவர் சொன்னது எனக்குப் புதிது. மூடி வாங்க வேண்டும் என்பதே இல்லை, கொசு நுழையாத துணியை வாயில் இறுக்கிக் கட்டினால் போதும். ஆனால் வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்து உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டை தண்ணீர் மட்டத்துக்கு மேலே டிரம் சுவரில் ஒட்டிக்கொள்ளும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் ஏறினால் பொரித்துவிடும். தண்ணீரை மட்டும் கொட்டிவிட்டு டிரம்மைக் கவிழ்த்து வைத்தால் வேலை முடிந்தது என்றுதான் நாங்கள் இத்தனை வருடம் நினைத்திருந்தோம்.

அங்கேயே உட்கார்ந்து ஒரு மனு எழுதினோம். துணி கட்டக் கூடுதலாக ஐந்து நாள் அவகாசம், தண்ணீர் லாரி வரும் நாளை முன்னதாகவே அறிவிக்க வேண்டும் என்று இரண்டு கோரிக்கை. மனுவை எப்போதும் இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் ‘பெறப்பட்டது’ முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். அவகாசம் அன்றே கிடைத்தது.

அடுத்தது டிரம் துணிக்கும், வேலை இல்லாத வீடுகளுக்கு உதவவும் பணம். எங்கள் தெருவில் பள்ளிவாசல், மாதா கோயில், அம்மன் கோயில் மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. மூன்று பக்கத்துப் பையன்களும் அன்று ராத்திரியே ஏலக்கூடத்தில் கூடினார்கள். வேகத்தில் ஒரு தவறு செய்தோம். என் சித்தப்பா மகனின் ஜிபே எண்ணை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டோம். இரண்டு நாளில் 11,400 ரூபாய் வந்தது. அவன் சம்பளமும் அதே கணக்கில்தான் விழும். எது நிவாரணம், எது சம்பளம் என்று பிரித்து எழுதவே ஒரு சாயங்காலம் ஆனது. அவனை யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் ஒரு நல்ல பையனை அப்படி ஒரு இடத்தில் நிறுத்தியிருக்கவே கூடாது.

சங்கமாகப் பதிவு செய்து கணக்குத் தொடங்கலாம் என்றார்கள். 1975ஆம் வருடச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும், விதிமுறை எழுத வேண்டும், பான் கார்டு எடுக்க வேண்டும். அதற்கெல்லாம் நேரம் இல்லை. அதனால் மூன்று பேர் பெயரில் கூட்டுக் கணக்குத் தொடங்கினோம். பணம் எங்கிருந்தும் உள்ளே வரலாம், வெளியே எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும். அந்த 11,400 ரூபாயை முதல் வரவாக அதில் போட்டோம்.

வளைகுடாவில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் கேட்ட உடனே அனுப்பினார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒருவர் பெரிய தொகை தருவதாகச் சொன்னார். அப்போதுதான் தெரிந்த ஆடிட்டர் ஒருவர் தடுத்தார். வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வங்கி வழியாகத் தரும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் தந்தால் 2010ஆம் வருட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் குறுக்கே வரும். சிங்கப்பூர்க்காரர் அப்படிக் குடியுரிமை வாங்கியவர், ஆனால் பிறந்தது எங்கள் தெருவில். அவரிடம் போனில் வேண்டாம் என்று சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இன்னொருவர் வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது கேட்டார். எங்களால் தர முடியாது என்று சொன்னோம், பரவாயில்லை என்று அனுப்பினார்.

பிளெக்ஸ் வைக்கவில்லை, அதற்கும் நகராட்சி அனுமதி வேண்டும். காவல் நிலையத்தில் வசூல் பற்றி ஒரு தகவல் கடிதம் கொடுத்துவிட்டு, எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகத்தோடு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, ஞாயிறு பூசை முடிந்து, சாயங்காலம் அம்மன் கோயில் வாசலில் என்று நின்றோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு அப்பத்தா வந்தார். பாசி எடுத்தே காலம் தள்ளியவர், விரல் நுனியெல்லாம் பாறை கிழித்த தழும்பு. சுருக்குப்பையிலிருந்து இருபது ரூபாய் எடுத்துக் கொடுத்தார். பையன் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் திரும்பினான். அப்பத்தா நகரவில்லை. “சீட்டு?” என்றார். 118ஆம் எண் ரசீதைக் கிழித்துக் கொடுத்தோம். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொல்லிக் கேட்டு, நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் போனார். அதற்கு அப்புறம் பத்து ரூபாய்க்கும் ரசீது இல்லாமல் வாங்கவில்லை.

மொத்தம் 74,350 ரூபாய். இதை எதற்குச் செலவழிப்பது என்பதில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். முந்தைய ஒரு மழைக்கு வீட்டுக்குப் பத்து கிலோ அரிசி கொடுத்திருந்தோம். ரேஷனில் 2011 முதல் அரிசி இலவசம், எல்லார் வீட்டிலும் அரிசி இருந்தது, குழம்புக்குத்தான் ஒன்றும் இல்லை. கொடுத்ததை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது அவர்கள் பண்பு. இந்த முறை 43 வீட்டிலும் முதலில் போய்க் கேட்டோம். எண்ணெய், பருப்பு, சீனி, தேயிலை, பால் பவுடர், சோப்பு என்றார்கள். கூரை ஒழுகும் 19 வீட்டுக்குத் தார்ப்பாய் தேவைப்பட்டது.

டிரம் துணிக்கு வழி சொன்னவர் சொந்தப் படகு வைத்திருக்கும் வயதான சம்மாட்டி ஒருவர். “கொசுவலைத் துணிய வாங்கிட்டு வாங்க, தைக்கிறதுக்கு ஆள் இல்லையா இங்க?” கடலுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்த அத்தனை கைகளும் வலை பின்னிய கைகள். ஏலக்கூடத் தரையில் துணியை விரித்து வட்டமாக வெட்டி, ஓரத்தை மடித்து, வலை ஊசியில் நைலான் நூல் கோத்துச் சுற்றிலும் தைத்தார்கள். நடுவில் சுருக்குக் கயிறு. டிரம் வாயில் போட்டு இழுத்தால் சப்பென்று உட்கார்ந்துவிடும். நழுவும் டிரம்முக்கு மட்டும் பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மேலே மாட்டினார்கள். இரண்டு நாளில் தொண்ணூறு உறை. செலவு துணிக்கு மட்டும், 4,500 ரூபாய்.

பார்வையிட வந்தவர்கள் ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். மூன்று வீட்டில் புழு இருந்தது, எல்லாம் கொல்லையில் கிடந்த உடைந்த ஐஸ் பெட்டிகளில். யாருக்கும் அபராதம் போடவில்லை. ஐஸ் பெட்டிகளை அன்றே கவிழ்த்தோம்.

மார்கழி பிறந்த முதல் ஞாயிறு, நோட்டீஸ் ஒட்டியிருந்த அதே சுவரில், அதன் பக்கத்திலேயே எங்கள் கணக்கை பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டினோம். வரவு ஒவ்வொன்றும் ரசீது எண்ணோடு. செலவு: தார்ப்பாய் 27,550, மளிகை 32,250, துணி 4,500, வண்டி வாடகை 1,350, ரசீதுப் புத்தகம் 450. இருப்பு 8,250. ஒட்டி ஒரு மணி நேரத்தில் வண்டிக்கார அண்ணனே வந்துவிட்டார். “நான் வாங்குனது 1,200 தானே?” பில்லைப் பார்த்தோம், அவர் சொன்னதுதான் சரி. உறையைப் பிரித்து, எல்லார் முன்னாலும் பேனாவால் அடித்துத் திருத்தி, மூன்று பேரும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டோம். இருப்பு 8,400 ஆனது. அது அடுத்த ஐப்பசிக்குத் தார்ப்பாய் வாங்க அந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

தண்ணீர் லாரி வரும் நாள் மட்டும் இன்னும் யாருக்கும் முன்னதாகத் தெரிவதில்லை. முத்திரை வாங்கிய மனுவின் நகலை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை ராமநாதபுரம் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். அந்த நகலை இணைத்துப் புது மனு எழுதியாகிவிட்டது, இதுவும் இரண்டு பிரதி. கருவாட்டு அக்காவும் அப்பத்தாவும் கூட வருகிறார்கள்.