காவேரிப்பட்டணத்தில் நாற்பது நிமிடம்

நேற்று கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி வந்த பஸ் காவேரிப்பட்டணம் தாண்டியதும் நின்றுவிட்டது. யாரோ தலைவர் வருகிறாராம். நாற்பது நிமிடம். முன்னால் மாங்காய் ஏற்றிய டாடா ஏஸ். டிரைவர் இறங்கி, வெயில் படாமல் தார்ப்பாயை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

பக்கத்து சீட்டுப் பெரியவர் ஆரம்பித்துவிட்டார். "காமராசரா இருந்தா இப்படி வருவாரா தம்பி?"

எனக்கும் காமராசர் என்றால் உயிர்தான். தாத்தா நிலத்துக்குத் தண்ணீர் வந்ததே அவர் ஆட்சியில் கட்டி முடித்த கே.ஆர்.பி. அணையிலிருந்துதான். 1963இல் கட்சி வேலைக்காக முதல்வர் நாற்காலியைத் தானே விட்டு இறங்கியவர். இன்றைக்கு ஒன்றியச் செயலாளர் பதவியைக்கூட யாரும் அப்படி விடமாட்டார்கள்.

அதற்காகப் பழைய ஆட்கள் தப்பே செய்யாதவர்களா என்ன? நம்ம தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. எளிமையில் குறை சொல்ல முடியாது. ஆனால் 1953இல் அவர் கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். அடுத்த வருடம் அதைக் கைவிட்டவர் காமராசர். சரி, அந்தக் காமராசரையே 1967இல் விருதுநகரில் தோற்கடித்தார்களே!

இதைச் சொன்னதும் பெரியவர் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் மெதுவாக, "நானும் அந்த எலக்‌ஷன்ல உதயசூரியனுக்குத்தான் குத்துனேன்" என்றார்.

அதற்குள் கார்கள் வந்துவிட்டன. பதினேழு வரை எண்ணினேன். மாங்காய் வண்டிதான் முதலில் கிளம்பியது.